நெஞ்சு வலிக்கவும் தகுதி வேண்டும்

உங்களுக்கு நெஞ்சு வலி வர வேண்டுமா? அப்படியானால் முதலில் ஆணாகப் பிறந்திருக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டியிருக்க வேண்டும். சொந்தமாக ஒரு பட்டுக் கடை இருந்தால் இன்னும் விசேஷம். இதெல்லாம் இல்லாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால், கையில் ஒரு சோடாவைக் கொடுத்து ஓரமாக உட்காரச் சொல்வார்கள்.

இது நான் போட்ட சட்டமில்லை. போன வெள்ளிக்கிழமை என் சொந்த ஜனம் கூடிப் போட்டது.

சின்ன காஞ்சிபுரத்தில் பெரியப்பா வீட்டில் அவருடைய மருமகளுக்கு வளைகாப்பு. பெரியப்பா பட்டுக் கடை முதலாளி. போன வருஷம் அவருக்கு லேசாக ஒரு ஹார்ட் அட்டாக் வந்தது. அன்றிலிருந்து அதை வைர மோதிரம் மாதிரி போட்டுக்கொண்டு திரிகிறார். கூடத்தில் அவருக்கென்று தனி ஈஸி சேர். அவர் இருக்கும் இடத்தில் குழந்தை அழக் கூடாது, மிக்ஸி ஓடக் கூடாது, யாரும் உரக்கப் பேசக் கூடாது. அவர் மட்டும் பேசலாம்.

சரோஜாவும் வந்திருந்தாள். என் சித்தப்பா மகள், முப்பத்திரண்டு வயது. அவள் புருஷன் பெரியப்பா கடைக்குத்தான் தறி நெய்கிறார். இவள் வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு அவருடைய தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பாள்.

சரோஜாவுக்கு லூபஸ். உடம்பு தன்னையே எதிரியென்று நினைத்துத் தாக்குகிற வியாதி. மூட்டுக்கு மூட்டு வலி. வெயில் பட்டால் இரண்டு கன்னமும் மூக்கும் சிவந்து தடித்துவிடும். சொந்தக்காரர்கள் கோயிலுக்குப் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வரச் சொன்னார்கள். தொட்டாள். பல்லி பாவம், என்ன செய்யும்? கடைசியில் நான்தான் மெட்ராஸுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே கொடுத்த மாத்திரையில் வலி குறைந்தது, முகம் உப்பியது. உடனே, "நல்லா பூசினாப்ல ஆயிட்டியே, இன்னா சாப்பிட்ற?" என்று கன்னத்தைக் கிள்ள ஆரம்பித்தார்கள். நோயாளி குண்டானால் நம் ஜனத்துக்கு நோய் தீர்ந்தது என்று அர்த்தம்.

மெட்ராஸ் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "இது மூட்டோட நிக்கிற வியாதி இல்லை. இதயத்தைச் சுத்தி இருக்கிற உறையில வரும். இதயத்துக்கு ரத்தம் போற குழாயிலயும் அடைப்பு வரலாம், சின்ன வயசுலயே. இப்பதான் நாங்களே அதைக் கவனிக்க ஆரம்பிச்சிருக்கோம். அதனால நெஞ்சு வலின்னா நாளைக்குப் பார்க்கலாம்னு இருந்துடாதீங்க."

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். வளையல் அடுக்கி முடிந்து, பந்தி நடந்துகொண்டிருந்தது. சரோஜா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"அக்கா, நெஞ்சு மேல யாரோ ஏறி உட்கார்ந்துக்கினு இருக்கிறாப்ல இருக்குது."

அவ்வளவுதான், வைத்திய சபை கூடிவிட்டது. ஒரு அத்தை ஓமத் தண்ணீரோடு ஓடி வந்தாள். இன்னொருத்தி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள் — பூசினாப்ல இருக்கிறாளே, கண் பட்டிருக்குமாம். அவள் உளுந்து வடை சாப்பிட்டதை நேரில் பார்த்த சாட்சி ஒருத்தி கிடைத்தாள். தீர்ப்பு ஒருமனதாக வந்தது: வாய்வு. கையில் ஒரு சோடாவைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்தார்கள்.

வியாதியிலும் நமக்குப் பந்தி வரிசை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? சர்க்கரை, பிரஷர், ஹார்ட் எல்லாம் முதலாளிகளுக்கு. மிச்சம் மீதி — வாய்வு, தலைவலி, கண்ணேறு, 'சும்மா நடிக்கிறா' — இதெல்லாம் வீட்டுப் பெண்களுக்கு.

நான் மெட்ராஸ் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். ஹார்ட் என்ற வார்த்தை என் வாயிலிருந்து விழுந்ததுதான் தாமதம்... ஈஸி சேர் நிமிர்ந்தது.

"இன்னாமா நீ, பத்திரிகையில எழுதிக்கினு இருந்தா டாக்டராயிடுவியா? ஹார்ட்டுன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? எடது கை இழுக்கணும். சட்டை நனையற மாதிரி வேர்க்கணும். எனக்கு வந்துச்சே, அது ஹார்ட்டு. பொம்பளைக்கு இந்த வயசுல ஹார்ட்டாவது இன்னாவது. இது கேஸு, வெறும் வாய்வு."

சொத்தில் பங்கு கேட்டு வந்தவளைப் பார்க்கிற பார்வை பார்த்தார்.

"பெரியப்பா, வாசல்ல உங்க கார் நிக்குது. குடுங்க. ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துடறேன்."

"டிரைவர் சாப்பிட்டுக்கினு இருக்கான்."

சரோஜாவின் புருஷனைப் பார்த்தேன். வேலை கொடுக்கிற முதலாளி எதிரே அந்த மனுஷன் என்ன பேசுவார்? "பெரியவரு சொல்றாரு இல்லக்கா, கொஞ்ச நேரம் பார்க்கலாமே" என்று தரையிடம் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஈஸி சேரை ஆளோடு சேர்த்து மடக்கியிருப்பேன்.

அதற்குள் சரோஜா குடித்த சோடாவைக் கக்கினாள். இனி யாரைக் கேட்பது? தெருவில் போன சைக்கிள் ரிக்‌ஷாவை வாசலுக்கே வரவழைத்து ஏற்றினேன். பின்னால் பெரியப்பாவின் குரல் கேட்டது: "விசேஷ வீட்ல இப்படியா பண்றது?"

ரிக்‌ஷாவில் என் தோளில் சாய்ந்துகொண்டு அவள் என்ன கேட்டாள் தெரியுமா? பிழைப்பேனா என்று இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்றும் இல்லை.

"அக்கா, ஒருவேளை கேஸாவே இருந்துட்டா? எல்லார் எதிர்லயும் இப்படி ஆயிடுச்சே. பெரியப்பா மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

"கம்முனு வா சரோ" என்றேன். வேறென்ன சொல்வது?

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர். வயதைக் கேட்டார். முப்பத்திரண்டு என்றதும் லேசாகச் சிரித்தார். "காலையில என்ன சாப்பிட்டீங்கம்மா?" என்றபடி பேனாவைத் திறந்தார். அட, இங்கேயும் வடையா?

"டாக்டர், இவளுக்கு லூபஸ் இருக்கு. ஈ.சி.ஜி. எடுங்க. எடுக்காம நாங்க இங்கேர்ந்து நகர்றதா இல்லை."

லூபஸ் என்றதும் பேனா நின்றது. என்னென்ன மாத்திரை, எத்தனை வருஷமாக என்று கேட்டார். சிரிப்பு போய்விட்டது. நல்ல வேளை, அவர் படித்தவர். பெரியப்பாவைப் போல அனுபவஸ்தராக இருந்திருந்தால் எங்கள் கதை முடிந்திருக்கும்.

மெஷின் வந்தது. காகிதம் நீள நீள அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டார். ஊசி, ஆக்ஸிஜன், தனிக் கட்டில் என்று எல்லாம் ஒரே சமயத்தில் நடந்தன. யாரும் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. வலி அடங்கி அவள் கண் திறந்த பிறகுதான் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"பயப்படாதீங்கம்மா. வந்தது ஹார்ட் அட்டாக்தான். நேரத்துக்கு வந்துட்டீங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டமாயிருக்கும். இனி அசையாம படுத்திருக்கணும்."

நான் அழுதுவிட்டேன், நர்ஸ் எதிரிலேயே.

சரோஜா அழவில்லை. "நெஜமாவே ஹார்ட்தானா டாக்டர்?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். அப்புறம் கண்ணை மூடி நீளமாக மூச்சு விட்டாள். அவள் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

"அப்பாடா. நான் பொய் சொல்லலக்கா."

மாரடைப்பு என்று கேட்டு நிம்மதிப்படும்படி ஒரு பெண்ணை வளர்த்து வைத்திருக்கிறோம். சபாஷ்.