துப்பாக்கி இங்கே, திருப்புளி அங்கே

பழவங்காடியில் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர், யாரிடம் பேசினாலும் இடது கண்ணை மூடிக்கொண்டுதான் பேசுவார். தொழில் பழக்கம். கோபமாகப் போகிறவனுக்குக் குறிபார்ப்பது போலிருக்கும். பாதிக் கோபம் வாசலிலேயே இறங்கிவிடும்.

மீதிப் பாதியோடு நான் நின்றேன். என் துப்பாக்கி மாதக்கணக்காக அவரிடம் கிடந்தது. மலையடிவாரத்தில் என் மரச்சீனிக் கிழங்கைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்றுகொண்டிருந்தது. கடைக்குள் ஓர் இரும்பு அலமாரியும் அவரும்தான் மிச்சம்.

"டூல்ஸ் எல்லாம் கரமனையில புதுக்கடைக்குப் போயாச்சு சாரே. கடை லைசென்ஸ்ல அட்ரஸ் மாறாம துப்பாக்கி நகரக்கூடாது. அட்ரஸ் மாத்தணும்னா, புதுக்கடையில இரும்பு அலமாரி இருக்கான்னு ஆபீஸர் வந்து பாக்கணும்."

"அலமாரியைக் கொண்டுபோக வேண்டியதுதானே?"

"துப்பாக்கி எல்லாம் அதுக்குள்ளயாக்கும்."

"அப்போ டூல்ஸைத் திருப்பிக் கொண்டுவந்து இங்கேயே பழுதுபாருங்க!"

"அப்புறம் கடை மாறுறது எப்படி?"

"அதுவரைக்கும் பன்றிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"பன்னிக்கென்ன சாரே, லைசென்ஸா, அட்ரஸா? நெனச்ச எடத்துக்குப் போகலாம்."

அப்போது மட்டும் இரண்டு கண்களையும் திறந்து தெருவைப் பார்த்தார். என்னைக் கேலி செய்தாரா, பன்றியை நினைத்துப் பொறாமைப்பட்டாரா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.