எஸ்தர் பாட ஒரு கம்ப்யூட்டர்

போன வாரம் என் சித்தி மகன் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். பெங்களூரில் வேலை கிடைத்ததிலிருந்து அவனுக்குப் பாட்டுப் பைத்தியம். வீட்டிலேயே உட்கார்ந்து பாட்டு செய்யப் போகிறானாம். மூன்று லேப்டாப்புகளின் படத்தைப் போட்டு, "அக்கா, இதுல எது வாங்கலாம்? நீதான கம்ப்யூட்டர் படிச்சவ" என்று கேட்டிருந்தான். மூன்றும் சாம்பல் நிறம். மூன்றும் ஒரே மாதிரி. கீழே இருந்த எண்களைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். பதில் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து அவனே "ஆர்டர் போட்டாச்சுக்கா" என்று அனுப்பினான். எதை என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

"நீதான கம்ப்யூட்டர் படிச்சவ" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் தலை நிமிரும். அடுத்த நொடி பேச்சை மாற்றப் பார்ப்பேன். இரண்டும் பழைய பழக்கம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். ஆந்திராவில் வடமாலபேட்டைக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். நைனாவும் அம்மாவும் அடுத்தவர் மாந்தோப்புகளில் கூலிக்குப் போனவர்கள். பின்னால் கிடைத்த துண்டு நிலத்தில் வேர்க்கடலை போட்டார்கள். நான் திருப்பதிக்கு பஸ்ஸில் போய் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர்ஸ் படித்தேன். கல்லூரி அடையாள அட்டையை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் கழுத்தில் மாட்டிக்கொண்டு போன பெண் யாராவது உண்டா என்று கேட்டால், உண்டு, நான்தான். கர்த்தருக்குத் தெரியாதா நான் என்ன படிக்கிறேன் என்று? ஆனாலும் மாட்டிக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் என்றாலே எனக்கு இன்றும் நினைவில் எழுவது சாக்ஸ் நாற்றம்தான். எங்கள் கல்லூரி லேபில் ஷூவையும் செருப்பையும் வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டருக்கு ஆகாது என்பார்கள். ஏ.சி. போட்ட அறைக்குள் நாற்பது பேரின் கால் வாசனையும் சேர்ந்து குளிர்ந்துகொண்டிருக்கும். அங்கே பகா எண்களைக் கண்டுபிடிக்க புரோகிராம் எழுதினேன். சம்பளப் பட்டியல் அச்சடிக்க புரோகிராம் எழுதினேன். ஆனால் எந்தக் கம்ப்யூட்டரும் அங்கே வாய் திறந்து ஒரு சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பிள்ளைகள் சினிமாப் பாட்டு கேட்டுவிடுவார்கள் என்று ஸ்பீக்கர்களைக் கழற்றி பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள்.

பூட்டி வைப்பது என்றதும் எங்கள் சபையின் கீபோர்டு நினைவுக்கு வருகிறது. அதுவும் பீரோவில்தான் இருக்கும், சிவப்புத் துணி போர்த்தி, அந்துருண்டை வாசனையோடு. காலை ஆராதனை தமிழ், அதற்கடுத்தது தெலுங்கு. தமிழ் ஆராதனைக்கு நான் கீபோர்டு வாசிப்பேன், எஸ்தர் பாடுவாள். எஸ்தர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். நானும் அவளும் ஒரே பஸ்ஸில் திருப்பதிக்குப் போய் வருவோம். அந்தப் பயணத்தில்தான் ஆறு பாட்டுகள் செய்தோம். அவள் வார்த்தை, நான் மெட்டு. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் ஒரு வரி சொல்வாள், நான் முனகுவேன், "இல்லடி, இழு, இன்னும் கொஞ்சம் இழு" என்பாள். மொட்டை போட்டு சந்தனம் பூசிய யாத்ரீகர்கள் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

மூன்று சாமி பாட்டு. ஒன்று பஸ்ஸைப் பற்றி. ஒன்று மழை வராததைப் பற்றி. இன்னொன்று எதைப் பற்றி என்று எங்களுக்கே தெரியாது, ஆனால் அதுதான் நன்றாக இருந்தது.

அப்போதுதான் எஸ்தருக்கு மாப்பிள்ளை அமைந்தது. மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம், கல்யாணம் முடிந்ததும் விசா, விசா வந்ததும் விமானம். அவள் அழவில்லை. "அதுக்குள்ள ஆறு பாட்டையும் ஒரு சிடியில ஏத்திடணும்டி. அங்க போய் நான் யாருன்னு கேட்டா குடுக்கறதுக்கு என்கிட்ட இன்னா கீது?" என்றாள். எனக்குக் கொடுக்கச் சான்றிதழ் இருந்தது. அவளுக்கு அந்தப் பாட்டுகள்தான்.

திருப்பதியில் ரெக்கார்டிங் ஸ்டுடியோக்கள் இருந்தன, பெருமாள் பாட்டு சிடி போடுகிறவர்கள். அம்மாவிடம் கேட்டேன். "ஆம்பளைங்க கீற ரூமுக்குள்ள கதவ சாத்திக்கினு பாடறதா? நிச்சயம் ஆன பொண்ணு அது" என்றாள். சத்தம் வெளியே போகாத கதவு என்று விளக்கினேன். விளக்கியது தப்பாகப் போயிற்று. "கத்தினாக்கூட கேக்காதா!" என்று அம்மா அந்தப் பேச்சையே மூடிவிட்டாள்.

அப்படித்தான் வீட்டுக்கே ஒரு கம்ப்யூட்டர் என்ற முடிவு வந்தது. படிப்பு முடிந்து திருப்பதியிலேயே ஒரு டைப்பிங் சென்டரில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. கிறிஸ்மஸ் கழிந்த வாரம் திருப்பதிக் கடைவீதிக்குப் புறப்பட்டோம். நான், எஸ்தர், துணைக்கு நைனா. எதை வாங்குவது என்ற கவலையே யாருக்கும் இல்லை. அதான் நான் இருக்கிறேனே.

முதல் கடை. "ஏம் காவாலம்மா?" என்றார் கடைக்காரர்.

"கம்ப்யூட்டர். பாட்டுக்கு" என்றேன் தெலுங்கில்.

"பாட்டு கேக்கறதுக்கா?"

"கேக்கறதுக்கு இல்ல. பாட்டு செய்யறதுக்கு."

அவர் எஸ்தரைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். எஸ்தர் என் காதில், "இட்லி செய்யறதுக்குன்னு சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும்டி" என்றாள்.

அவர் ரேம் அதிகமாகப் போடச் சொன்னார். பக்கத்துக் கடைக்காரர், ரேம் எல்லாம் வேஸ்ட், பாட்டு என்றால் தனி சவுண்ட் கார்டுதான் உயிர் என்றார். மூன்றாவது கடைக்காரர் சிரித்தே விட்டார்: போர்டிலேயே சவுண்ட் வருகிறது, தனியாக எதற்கு, பெரிய ஸ்பீக்கராக வாங்கிக்கொள்ளுங்கள். என் பழைய லெக்சரரிடம் போன் போட்டுக் கேட்டேன். பிராண்டட் வாங்கு, அசெம்பிள் பண்ணாதே என்றார். பாஸ்டர் ஐயாவின் மகன் சென்னையில் படிப்பவன். அவன், அசெம்பிள் பண்ணு, பிராண்டட் வாங்கி ஏமாறாதே என்றான். இன்னொருவர், இசைக்காரர்கள் வாங்குவது வேறு ஜாதி கம்ப்யூட்டர், அது இந்த ஊரில் கிடைக்காது என்று பயமுறுத்தினார். எல்லோரும் சொன்ன இன்னொன்று, "அடுத்த மாசம் புதுசு வருது, வெயிட் பண்ணுங்க."

அதற்கு முன் எங்கள் வீட்டில் எதையும் இப்படித் தேடித் தேர்ந்தெடுத்ததில்லை. ரேஷனில் போட்ட அரிசியைத் தின்றோம். தோப்புக்காரர் பண்டிகைக்குக் கொடுத்த புடவையை அம்மா கட்டினாள். நிலமும் சர்க்கார் ஆட்கள் அளந்துவிட்ட இடம்தான். எதையும் "இதுவா, அதுவா" என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. இப்போது ஒரு கடைக்காரர் நைனாவிடம் திரும்பி, "கேபினெட் கறுப்பா, வெள்ளையா?" என்று கேட்டார். நைனா திடுக்கிட்டுப் போனார். "எனக்கு இன்னா தெரியும் சார், பாப்பாவ கேளுங்க" என்றார். பாப்பா எஸ்தரைப் பார்த்தாள். எஸ்தர் நைனாவைப் பார்த்தாள். கறுப்பா வெள்ளையா என்பதற்கே மூன்று பேர் ஒரு சுற்று சுற்றி வந்தோம்.

நைனா எல்லாக் கடைவாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார். "இங்க அப்டி வேணாம் நைனா, லேபுலதான்" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் லேபுக்காகக் கழற்றவில்லை என்பது எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று. உள்ளே வந்ததும் கதவோரமாக நின்றுகொள்வார். நாலாவது கடையில்தான் அது நடந்தது. கண்ணாடி போட்ட ஒரு மனிதர், பேச்சை நிறுத்திவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, "கூர்ச்சோண்டி அன்னா" என்றார். நைனா உட்கார்ந்தார், விளிம்பில், எழுந்துவிடத் தயாராக.

திரும்பும் பஸ்ஸில் ரேமா சவுண்ட் கார்டா என்று நான் எஸ்தருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். எனக்கே புரியாததை விளக்குவதில் எனக்கு அப்போது நல்ல தேர்ச்சி. நைனா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அந்த சேர் போட்டான் பாரு, அவன்கிட்டயே வாங்கிடலாம்" என்றார்.

"ஏன் நைனா? அவர்கிட்ட சவுண்ட் கார்டே தனியா இல்லயே."

"உக்காருன்னான்."

"அது ஒரு காரணமா நைனா?"

நைனா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எஸ்தர்தான் சொன்னாள். "உன்கிட்ட மட்டும் இன்னா காரணம் கீது? நீயும்தான கொழம்பிக்கினு கீற. அவர் ஒருத்தர்தான் தெளிவா கீறாரு."

ஆனாலும் நான் விடவில்லை. படித்தவள் இல்லையா? விசாரித்துக்கொண்டே இருந்தேன். பொங்கல் போயிற்று. அடுத்த மாதம் புதுசு வந்தது. அதற்கு அடுத்த மாதம் அதைவிடப் புதுசு வரும் என்றார்கள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் தொடங்கின. இதற்கிடையில் பஸ்ஸில் பாட்டுகள் மாறிக்கொண்டே இருந்தன. ஒரு வரி போகும், வேறொன்று வரும். "எழுதி வெச்சிக்கடி" என்றால், "கம்ப்யூட்டர் வரட்டும், அதுலயே ஏத்திக்கலாம்" என்பாள். எஸ்தர் வீட்டில் டேப் ரெக்கார்டர் இருந்தது. அதில் ஒரு முறை பாடி வைக்கலாம் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கம்ப்யூட்டர்தான் வரப்போகிறதே!

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்தோலை ஞாயிறு நெருங்கியபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. கடைசியில் நாற்காலி போட்ட கடையிலேயே வாங்கினோம். அது சரியான கம்ப்யூட்டரா என்று கேட்காதீர்கள். எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. பெட்டியைப் பிரித்ததும் வந்த தெர்மாகோல் வாசனையை அம்மா, "புது ஆஸ்பத்திரி மாதிரி கீது" என்றாள்.

பாஸ்டர் ஐயா வார நாட்களுக்குக் கீபோர்டைக் கொடுத்தார். ஒயரால் இணைத்தோம். கட்டையை அமுக்கினால் கம்ப்யூட்டரிலிருந்து சத்தம் ஒரு மூச்சு விட்டபிறகு வந்தது. எஸ்தர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு வரி பாடிவிட்டுப் பதறிப்போய்க் கழற்றினாள். "யார்டி எனக்குப் பின்னாலயே பாடிக்கினு வரது?" அவள் குரல்தான், தாமதமாக. இரண்டு மாலைகள் இதிலேயே போயின. பிறகு ஒயரை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, கீபோர்டின் சொந்த ஸ்பீக்கரில் வாசித்து, ஒரே மைக்கில் இரண்டையும் பிடித்தோம். இப்போது சி.பி.யூ.வின் விசிறி மாவு மில் மாதிரி இரைந்தது. அதன்மேல் கம்பளி போர்த்தினோம். மூச்சு முட்டி அணைந்துவிட்டது. கம்பளியை எடுத்தால் இரைச்சல், போர்த்தினால் மரணம். ஒரு பாட்டு முழுதாக ஏறியபோது பெரிய வியாழன் வந்துவிட்டது.

கல்யாண வாரத்தில் எங்கள் வீடும் எஸ்தர் வீட்டு உறவுக்காரர்களால் நிரம்பியது. எல்லோரும் கம்ப்யூட்டர் பார்க்க வந்தார்கள். யாரோ சினிமா சிடி கொண்டுவந்தார்கள். எஸ்தர் கையில் மருதாணி காயாமல் இரண்டாவது பாட்டுக்காக வந்து நின்றபோது, அறை முழுக்க ஆட்கள், திரையில் சண்டைக்காட்சி. நான் நிறுத்தப் போனேன். அவள் பெரியப்பா, "இரும்மா, கிளைமாக்ஸ்" என்றார். எஸ்தர் வாசலிலேயே நின்று அந்தச் சண்டை முடியும்வரை பார்த்தாள். முடிந்ததும் அவளை மஞ்சள் பூச அழைத்துப் போய்விட்டார்கள்.

அந்த ஒரு பாட்டைக் கல்யாணப் பந்தியில் மைக் செட்டில் போட்டார்கள். பாதியில் யாரோ, "வேற நல்ல பாட்டா போடுப்பா" என்று குரல் கொடுத்தார். பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த நைனா இலையிலிருந்து கையை எடுத்து, "போட்டதே ஓடட்டும்" என்றார். நைனா ஒரு கூட்டத்தில் குரல் உயர்த்தி நான் கேட்டது அன்றுதான். ஓடியது. விசிறி இரைச்சலோடு, கடைசிவரை.

இப்போது அந்தக் கடைவரிசையில் செல்போன் கவர் விற்கிறார்கள். தமிழ் ஆராதனை மாதம் ஒரு முறை ஆகிவிட்டது. எஸ்தர் மஸ்கட்டில்தான் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். அந்த ஒரு பாட்டு என்னிடமும் இருக்கிறது, அவளிடமும் இருக்கிறது. மற்ற ஐந்தில், மழை வராத பாட்டின் முதல் அடி மட்டும் எனக்கு வரும். இரண்டாவது அடி வேறு எந்தப் பாட்டிலோ போய் முட்டிக்கொள்ளும். எது நாங்கள் செய்தது, எது ரேடியோவில் கேட்டது என்று குழம்பிப்போய்விடுவேன்.

போன கிறிஸ்மஸுக்கு அவளே போன் செய்தாள். எதைப் பற்றி என்று எங்களுக்குத் தெரியாத அந்தப் பாட்டு, அதைக் கேட்டாள். "அது எப்டிடி ஆரம்பிக்கும்?"

"நீதான எழுதின. வார்த்தைய சொல்லு, மெட்டு தானா வரும்."

உள்ளே அவள் பிள்ளைகள் அரபியிலோ ஆங்கிலத்திலோ சண்டை போடும் சத்தம் கேட்டது.

"மெட்ட சொன்னாதானடி வார்த்த வரும்" என்றாள்.