இடப்பக்கம் கால் நீட்டும் எழுத்து

அப்போது இரங்கூனில் பபேடான் பேட்டையில் ஒரு யூதர் வீட்டில் நான் துணி துவைத்துத் தேய்த்துக் கொடுத்து வந்தேன். வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் ரொட்டியை மூடிவைக்கும் துணியில் அவர்களுடைய ஹீப்ரு எழுத்துகள் பட்டுநூலில் தைத்திருக்கும். தையல் நசுங்காமல் இருக்க அதைப் பின்புறத்தில்தான் தேய்க்க வேண்டும். முன்புறத்தில் ஓர் எழுத்து இடப்பக்கம் கால் நீட்டும். பின்புறத்தில் வலப்பக்கம் நீட்டும். வாசிக்கத் தெரியாது எனக்கு. முன்னும் பின்னும் தெரியும்.

என் வீட்டுக்காரர் பயாஸ்கோப்புக் கொட்டகையில் படம் காட்டும் மிஷின் ஓட்டினார். நிரந்தர வேலை இல்லை. ஹீப்ருவில் எழுத்துப் போட்ட பெரிய படம் ஒன்று கப்பலில் வந்தது. ஊமைப்படம்தான், பேச்செல்லாம் எழுத்தாக வரும். யூதர்களுக்கென்று ஞாயிறு பகலில் ஒரு காட்சி. அது ஒழுங்காக நடந்தால் வேலை நிரந்தரம் என்றார் முதலாளி.

படச்சுருளின் எந்தப் பக்கம் சரி என்று இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துத்தான் இவர் கண்டுபிடிப்பார். இதுவோ வலமிருந்து இடமாகத் திருப்பி எழுதும் பாஷை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இவரும் சுருளையே திருப்பி மாட்டிவிட்டார்.

ஞாயிறன்று நான் சோறு கொண்டுபோனபோது, ஜனம் வருவதற்கு முன்னால் காலிக் கொட்டகையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அந்த எழுத்தின் கால் வலப்பக்கம் நீண்டது.

"என்னாங்க, இது பின்பக்கமுங்க."

"கைநாட்டு வைக்கிறவ எனக்கு எழுத்துச் சொல்ல வந்துட்டா! சோத்த வச்சுட்டுப் போ, புள்ள."

வைத்துவிட்டுக் கீழே வந்தேன். அதற்குள் ஜனம் வந்து உட்காரத் தொடங்கியிருந்தது. நான் வேலை செய்யும் வீட்டு அம்மாள் முன்வரிசையில் இருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

முதல் எழுத்து வந்ததுமே சிரிப்பு. ஒரு பெண் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, திரைக்கு முதுகு காட்டி, கண்ணாடியில் பார்த்து உரக்க வாசித்தாள். கொட்டகையே கைதட்டியது. முதலாளி மேலே ஓடினார். நானும் பின்னால் ஏறினேன்.

"நிறுத்துய்யா! எழுத்து எடம் வலம் மாறி ஓடுது!"

"அவங்க பாஷை அப்படித்தான் மொதலாளி."

"அவங்க பாஷை அவங்களுக்குத் தெரியாதா? ஒனக்குத்தான் தெரியுமா?"

"சுருள் சரியாத்தான் இருக்கு."

அந்த ஒரு பேச்சில் வேலை போயிற்று. வேறு ஆள் வந்து சுருளைத் திருப்பி மாட்டினார். எழுத்தின் கால் இடப்பக்கம் வந்தது. எனக்குச் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அவர் கேட்டார்: "இன்னொரு தரம் சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஒரு தரம் சொன்னேன்ல."

அடுத்த மாதம் இரங்கூனுக்கு வடக்கே மாவ்பி ஊருக்குப் போய்க் காய்கறிக்கடை போட்டோம்.