டிரெஸர் லோரிக்கு இரண்டு பேட்டரி

பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவாட்டர்ஸுக்குப் பின்புறம் நூர் முகம்மது என்பவர் பேட்டரி சார்ஜ் கடை வைத்திருந்தார். 1941இல் நெஞ்சு நோயில் இறந்துபோனார். பூட்டிய கடை ஜப்பான்காரர்கள் கோலாலம்பூருக்குள் வந்த பிறகும் அப்படியே கிடந்தது. வீட்டில் அரிசி தீர்ந்து, மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு என்று ஆன வாரத்தில் அவருடைய மனைவி ஹபீபா அதைத் திறந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது.

கடையின் பின்கட்டில்தான் குடியிருப்பு. எட்டு வருடமாக வேலை நடப்பதைப் பார்த்தவள். ஆசிட்டின் கனத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்த்துப் பேட்டரியின் நிலைமையைச் சொல்லத் தெரியும். பேட்டரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் எங்கேயும் கிடைக்காமல் போனபோது, மண்பானையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, நடுவில் ஒரு பீங்கான் கிண்ணத்தை நிறுத்தி, மூடிமேல் ஈரத்துணி போட்டு, சொட்டியதைச் சேர்த்தாள். பகல் முழுக்க அடுப்பெரித்தால் இரண்டு போத்தல் கிடைக்கும். சேலையெல்லாம் ஆசிட் தெறித்த ஓட்டைகள். பொம்பளைக்கு இந்த வேலை எதற்கு என்று தெருவில் பேசினார்கள். பேசியவர்களும் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு அவளிடமே வந்தார்கள்.

1943 தொடக்கத்தில் வேலாயுதம் வந்தார். ரப்பர் தோட்டங்களுக்கு மருந்து கொண்டுபோகும் டிரெஸர். ஐம்பதை நெருங்கிய மனிதர். பழைய ரொட்டி லோரி ஒன்றில் படுக்கை, மருந்து அலமாரி, ரத்தம் பார்க்கும் மைக்ராஸ்கோப் எல்லாம் வைத்துக்கொண்டு, காஜாங் பக்கத்துத் தோட்டங்களில் மாதத்தில் இருபது நாள் அதிலேயே குடியிருந்தார். பெட்ரோல் இல்லாத காலம். லோரி கரிப்புகையில் ஓடியது. காலையில் இஞ்சின் பற்றிக்கொள்ள நெடுநேரம் பிடிக்கும்.

"மூணாவது தடவை பேட்டரி படுத்துருச்சு தங்கச்சி. மைக்ராஸ்கோப்புக்கு லைட்டு போட்டா, விடிஞ்சதும் இஞ்சின் எழும்ப மாட்டேங்குது."

ஹபீபா மூடிகளைக் கழற்றிப் பார்த்தாள். தகடுகள் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு, வெள்ளை பூத்துக் கிடந்தன.

"என்ன தண்ணி ஊத்துனீங்க?"

"தோட்டத்துக் கெணத்துத் தண்ணி. நல்ல தண்ணிலா."

"அது குடிக்க நல்ல தண்ணி. பேட்டரிக்கு விஷம்ணே."

அந்தப் பேட்டரி இனித் தேறாது என்று சொன்னவள், புதியது வாங்கினாலும் இதே கதிதான் என்றாள். இஞ்சின் பேட்டரிக்குத் தகடு மெல்லிசு. ஒரு நொடியில் பலத்தையெல்லாம் கொடுத்துவிட்டு, வண்டி ஓடும்போது திரும்ப நிரம்பிக்கொள்ளும். அதை மணிக்கணக்கில் விளக்குக்கு உறிஞ்சினால் செத்துப்போகும். விளக்குக்குத் தடித்த தகடு வேண்டும். ரயில் பெட்டிகளுக்கு அடியில் தொங்குகிற மாதிரி.

"குண்டுல உடைஞ்ச பெட்டியோட பேட்டரிங்க காயலாங்கடைல கெடக்கும். தேடிப் பாக்குறேன். ஒரு வாரம் பொறுங்க."

வேலாயுதம் பொறுக்கவில்லை. நான்காம் நாளே பளபளவென்று கறுப்பாக ஒரு பேட்டரியுடன் வந்து நின்றார். மஸ்ஜித் இந்தியா பக்கம் பாவா என்ற தரகரிடம் வாங்கியதாம். அதைத் தூக்கியதுமே ஹபீபாவின் முகம் மாறியது. கனமே இல்லை. இருந்தாலும் முறையாக ஒரு நாள் சார்ஜ் போட்டாள். மறுநாள் காலையில் ஒரு ஹெட்லைட் பல்பை அதில் மாட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். அரை மணிக்குள் பல்பு சிவந்து மங்கியது. பெட்டிக்குப் புதுத் தார் பூசியிருந்தார்கள். திறந்து பார்த்தால், உள்ளே பாதித் தகடுகள் இல்லை.

"எவ்ளோ குடுத்தீங்க?"

"காசு இல்ல தங்கச்சி. கொய்னா. ரெண்டு போத்தல்."

ஹபீபா போன மழைக்காலத்தில் மலேரியாக் குளிர்காய்ச்சலில் கிடந்து எழுந்தவள். ஒரு போத்தல் கொய்னா மாத்திரை என்றால் எத்தனை உயிர் என்று அவளுக்குத் தெரியும்.

"அது உங்க கொய்னாவாண்ணே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வண்டி ஓடலன்னா எந்த மருந்தும் போய்ச் சேராதேன்னு நெனச்சேன்" என்றார்.

அவரைக் கடையில் உட்காரவைத்துவிட்டு, பேட்டரியை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு ஹபீபா பாவாவிடம் போனாள். பாவா சிரித்தார்.

"வித்தத நான் திருப்பி வாங்குறதில்ல. டிரெஸர் சர்க்கார் மருந்த வித்தாருன்னு நான் வாயத் தொறந்தா என்ன ஆகும் தெரியும்ல?"

"வாங்கினது யாருன்னும் கேப்பாங்க பாய்."

சிரிப்பு நின்றது. ஹபீபா தொடர்ந்தாள்: "மாசம் இருபது பேட்டரி ஒங்ககிட்டேர்ந்து சார்ஜுக்கு வருது. இனிமே ஒண்ணக்கூட தொடமாட்டேன். ஏன்னு கேக்குறவங்களுக்கு இதத் தொறந்து காட்டுவேன்."

அந்தப் பக்கத்தில் சார்ஜ் போட வேறு ஆள் இல்லை. பாவா உள்ளே போய் ஒரு போத்தலைக் கொண்டுவந்து வைத்தார். மற்றது கிள்ளானுக்குப் போய்விட்டது என்றார். பொய்யாகத் தெரியவில்லை. ஹபீபா பேட்டரியை அங்கேயே விட்டுவிட்டு, கிடைத்ததை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பி, வேலாயுதத்தின் கையில் கொடுத்தாள்.

காயலாங்கடையில் பதினான்கு ரயில் செல்களைக் கிளறி, உடையாத பெட்டி, உதிராத தகடு பார்த்து மூன்றைப் பொறுக்கினாள். அவற்றைக் கழுவி, ஆசிட் மாற்றி, இரண்டு பகல் மெதுவாகச் சார்ஜ் ஏற்றினாள். மூன்றையும் தொடர்ச்சியாக இணைத்து, காற்றுத் துளை போட்ட மரப்பெட்டியில் வைத்து, வேலாயுதத்தின் படுக்கைக்குக் கீழே கட்டினாள். இஞ்சினுக்குத் தனியாக ஒரு பழைய பேட்டரியைத் தேற்றிக் கொடுத்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கைப்பிடிச் சுவிட்ச்.

"வண்டி ஓடும்போது மட்டும் இதப் போடுங்க. நிறுத்தினா கழட்டிடுங்க. லைட்டு மங்குற வரைக்கும் இழுக்காதீங்க. திங்கக்கெழமை திங்கக்கெழமை தண்ணி பாக்கணும், என் போத்தல் தண்ணி மட்டும்."

வேலாயுதம் அதை மீறவே இல்லை. முனைகளில் பச்சை பூத்தால் மூடிகளை இறுக்கிவிட்டு, சாம்பல் கரைத்த வெந்நீரால் துடைப்பார். மாதம் ஒருமுறை காலிப் போத்தல்களோடு கடைக்கு வருவார். அப்படி வந்த ஒரு நாள்தான் அதைச் சொன்னார். காஜாங்குக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் காய்ச்சல் பரவி, மருந்தைப் பாதிப் பாதியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு தாயும் மகளும் போய்விட்டார்கள்.

"அந்த இன்னொரு போத்தல் இருந்திருந்தா பொழச்சிருப்பாங்களான்னு தெரியல தங்கச்சி."

ஹபீபாவுக்கும் தெரியவில்லை. அவள் கறுப்புக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு எழுந்து லோரிக்குப் போனார்.

சண்டை முடியும் வரை அந்த மூன்று செல்களும் தாக்குப்பிடித்தன. இஞ்சின் பேட்டரியை மட்டும் ஒரு தடவை மாற்ற வேண்டியிருந்தது. 1945 கடைசியில், திரும்பி வந்த வெள்ளைக்காரர்கள் தோட்டங்களுக்கு இன்னும் இரண்டு மருந்து லோரிகள் விட்டார்கள். வேலாயுதம் சொல்லி, பேட்டரி பார்க்க ஹபீபாவைக் கூப்பிட்டார்கள். ராணுவம் கழித்துப்போட்ட குவியலைக் காட்டி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். காலையில் உட்கார்ந்தவள் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, திறந்து பார்த்து, பல்பு மாட்டிப் பார்த்து, சாயங்காலத்துக்குள் லோரிக்கு இரண்டு, கைவசம் ஒன்று என்று ஐந்தை ஒதுக்கிவைத்தாள். மற்றவற்றின் தகடுகள் பின்னால் உதவும், வெயிலில் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.