ஒரு சரிவு காட்டு, இருந்துவிடுகிறேன்

உத்திரமேரூரில் ஓர் எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்தால் அது வைத்த இடத்திலேயே இருக்கிறது. வந்து ஒன்றரை வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. ஊறுகாய் போடுவதற்காக என் மனைவி பாக்கியம் பத்துப் பழத்தைச் சிமெண்டுத் தரையில் கொட்டுகிறாள். பத்தும் கொட்டிய இடத்திலேயே கும்பலாக உட்கார்ந்திருக்கின்றன. நம் லயத்து வரிசை வீடுகளில் ஒரு பழம் கை தவறினால் போதும், காம்பரா வாசல் தாண்டி, தண்ணீர் ஓடும் கான் தாண்டி, கீழ் லயத்துக்காரர் வீட்டுக்குள் போய்த்தான் நிற்கும். இங்கே ஊற்றிய தண்ணீர்கூட எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் யோசித்துக்கொண்டு நிற்கிறது.

இலங்கை மலையில் இன்னும் கொழுந்து கிள்ளிக்கொண்டிருப்பவர்களுக்கும், என்னைப்போலவே கப்பலேறி வந்து ஆளுக்கொரு ஊரில் சிதறிக் கிடப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பதினோரு வருடம் தபால் பை சுமக்கும் தப்பால்காரனாக இருந்தவன் நான். மேல் டிவிசனில் பையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினால், நாலு மைல் மிதிக்காமலே தபால் கந்தோர் வாசலில் போய் இறங்குவேன். பாதையில் கல்லும் வேரும் சேறும் அட்டையும்தான். பாதி தூரம் சக்கரம் தரையில் இருக்கும், மீதி தூரம் இருக்காது. திரும்பி ஏறும்போதுதான் நாக்குத் தள்ளும்.

அந்த ஏற்றத்துக்காகவே நான் ஒரு பின்சக்கரம் செய்தேன். பழைய இங்கிலீஷ் சைக்கிள் ஒன்றின் ஹப், இரண்டு பக்கமும் பல்சக்கரம் முறுக்க மரை உள்ளது, பழைய இரும்புக் குவியலில் கிடைத்தது. வலது பக்கம் சின்னப் பல்சக்கரம், சமதரைக்கு. இடது பக்கம் இருபத்தெட்டுப் பல் உள்ள பெரியது, மேட்டுக்கு. அந்தப் பெரியதைத் தேயிலை ஃபேக்டரியில் கழித்துப் போட்ட தகட்டில் வட்டம் வெட்டி, மூன்று மாதம் அரத்தால் ராவி, ஒவ்வொரு பல்லாக நானே எடுத்தேன். மேடு வந்ததும் இறங்கி, நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் பெரிய பல் சங்கிலிப் பக்கம் வந்துவிடும். அப்புறம் சைக்கிள் ஆடு மாதிரி மலை ஏறும். தோட்டத்துத் துரைகூட ஒருநாள் காரை நிறுத்தி அதைப் பார்த்துவிட்டுப் போனார். பாக்கியம் மட்டும் பார்க்கவில்லை.

கப்பலுக்கு மூட்டை கட்டும்போது அவள் அம்மிக்கல்லை எடுத்து வைத்தாள். இரண்டுக்கும் சேர்த்து இடம் இல்லை. நான் அம்மியை இறக்கிவிட்டுச் சக்கரத்தை வைத்தேன். இந்தக் குற்றத்துக்கு இன்றுவரை மன்னிப்புக் கிடைக்கவில்லை. ராமேஸ்வரத்தில் இறங்கியதும் சுங்கக்காரர் கேட்டார்.

"சைக்கிள் எங்கய்யா?"

"அங்கேயே விட்டுட்டு வந்துட்டேங்க."

"சக்கரம் மட்டும் எதுக்கு?"

"மலைக்குங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தங்கம் தேடி டியூபை உருவிப் பார்த்தார். உள்ளே ஹட்டன் காற்றுதான் இருந்தது, அதையும் வெளியே விட்டுவிட்டார்.

தாயகம் திரும்பியவர்களுக்கான முகாமில் ஒரு தாளைப் பார்த்து, "உத்திரமேரூர், ரைஸ்மில் வேலை" என்றார்கள். வந்து பார்த்தால் ஏரி, நெல், வானம். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தோசைக்கல்தான். மில்லில் பெல்ட் மாட்டும் வேலை, நல்ல முதலாளி, வயிற்றுக்குக் குறையில்லை. ஆனால் மனிதனுக்கு வயிறு மட்டுமா இருக்கிறது? பழைய ஃபிரேம் ஒன்று தேடிப்பிடித்து, என் சக்கரத்தை மாட்டி, மட்கார்டு, ஸ்டாண்டு, கேரியர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்தேன். சரிவில் அவை எல்லாம் சத்தம் போடும், கல்லில் மாட்டும். பிறகு ஏரிக்கரைமேல் ஏறி இறங்கினேன். மூன்று எண்ணுவதற்குள் கீழே வந்துவிடும் அந்தச் சரிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது தடவை இறங்கியிருக்கிறேன். மாடு மேய்ப்பவர்கள் மாட்டை விட்டுவிட்டு என்னை மேய்த்தார்கள்.

இந்த ஊரில் சைக்கிள் என்றால் வண்டிமாடு. பால் கேன், நெல் மூட்டை, பெண்டாட்டி, இரண்டு பிள்ளை, ஒரு கிடா, எல்லாம் அதன்மேல் போகும். வெறும் சைக்கிளில் வேகமாகப் போகிறவனுக்கு ஒன்று வீட்டில் சாவு, இல்லையென்றால் மூளையில் கோளாறு. என் கேரியர் இல்லாத சைக்கிளைப் பார்த்து டீக்கடைக்காரர் ஒருநாள் தணிந்த குரலில் கேட்டார்: "இன்னா சிலோன்கார்ரே, கேரியர வித்துட்டியா? ரொம்பக் கஷ்டமா?" நான் இல்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை. டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் மார்கழிக் கடைசியில் கோத்தகிரியிலிருந்து சுப்பையா கடிதம் போட்டான். என்னோடு அதே கப்பலில் வந்தவன். தேயிலை ஃபேக்டரியில் எனக்கு ஓர் இடம் இருக்கிறதாம், தை முடிவதற்குள் வந்தால் தருவார்களாம். கடிதத்தின் கடைசி வரியில், "இங்கே எலுமிச்சம்பழம் உருளும்" என்று எழுதியிருந்தான். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

பாக்கியம் சிரிக்கவில்லை. "நான் வரலைங்க" என்றாள். அவளுக்கு இங்கே நடவு செட்டில் பெயர் ஏறிவிட்டது. மகள் மூன்றாம் வகுப்பில் 'கீது', 'இன்னா' என்று ஊர்ப்பேச்சே பேச ஆரம்பித்துவிட்டாள். "இன்னொரு வாட்டி மூட்டை கட்ட என்னால ஆகாது. இந்த வாட்டி எதை இறக்கி வைக்கச் சொல்லுவீங்க, என்னையா?" என்றாள். கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "இந்த ஊர்ல ஒரே ஒரு நல்ல சரிவு காட்டு. இருந்துடறேன்."

அவள் விட்டாளா? நாலாம் நாள் நடவிலிருந்து சேறும் காலுமாக வந்து வாசலில் நின்றாள். "பழையசீவரத்துல மலை இருக்காம். மேல பெருமாள்கூட இருக்காராம். போய் ஆசை தீர உருண்டுட்டு வாங்க."

தை மாதம் இரண்டாம் ஞாயிறு கிளம்பினேன். திருமுக்கூடல்வரை சின்னப் பல்லில் சுகமான மிதி. அங்கே மூன்று ஆறு கூடுகிறது என்றார்கள். மூன்று ஆற்று மணல் கூடியிருந்ததை நான் பார்த்தேன். பாலாற்றைச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்தேன். நம் ஊர் ஆற்றை அப்படிக் கடந்தால் மறுநாள் ஆளைக் கொழும்பில்தான் எடுப்பார்கள். மலையடிவாரத்துப் புளியமரத்தடியில் ஸ்பேனரை எடுத்து, சக்கரத்தைத் திருப்பி, பெரிய பல்லைச் சங்கிலியில் மாட்டினேன். கப்பலேறிய பிறகு அது முதல்முறையாக வேலை செய்யப் போகிறது.

மலை என்று சொன்னால் நம் ஆட்கள் அடிக்க வருவார்கள். நம் பக்கத்தில் இதற்குப் பெயரே வைத்திருக்க மாட்டோம். படிக்கட்டுப் பக்கம் கோயிலுக்குப் போகிறவர்கள் போனார்கள். நான் பின்பக்கம் ஆடு போகும் தடத்தில் ஏறினேன். பாதி மிதி, பாதி தள்ளு. ஆனால் உச்சியில் நின்று கீழே பார்த்தபோது, ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக என் கால்கள் இருக்கும் உயரத்துக்கும் பூமிக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. கண் கலங்கிவிட்டது. பெருமாளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு விட்டேன் சைக்கிளை.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? கல் தெரிந்தது, தாவினேன். முள் தெரிந்தது, சாய்ந்தேன். காது இரண்டிலும் பழைய சத்தம். வாய்விட்டுக் கத்தினேன். அந்தக் கத்தல்தான் வினையானது.

தடம் முடிகிற இடத்தில் ஒரு களம். அறுப்பு முடிந்து ஏழெட்டுப் பெண்கள் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார்கள். மலையிலிருந்து ஒருவன் கத்திக்கொண்டு சைக்கிளில் வருகிறான் என்றால் அவர்களுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான்.

"அய்யய்யோ, பிரேக்கு புட்டுக்கிச்சு! ஆளு வுயுந்துக்கினு வரான்! போடுங்கடி குறுக்கால!"

நான் "வேண்டாம், வேண்டாம்" என்று கத்தினேன். அதையும் "காப்பாற்று" என்றே எடுத்துக்கொண்டார்கள். தறிகெட்டு வரும் மாட்டுவண்டிக்குப் போடுவதுபோலக் கட்டுக் கட்டாக வைக்கோலைத் தூக்கித் தடத்தில் வீசினார்கள். பதினோரு வருடத் தப்பாலில் ஒரு தடவைகூட விழாத நான், காப்பாற்றப்பட்டு விழுந்தேன். சைக்கிள் ஒரு வைக்கோல் போரில், நான் அடுத்த போரில்.

எழுந்திருக்க விடவில்லை. கயிற்றுக்கட்டிலில் கிடத்தினார்கள், சோடா உடைத்தார்கள், முழங்காலில் மஞ்சள் அப்பினார்கள். கன்னியம்மா என்பவர்தான் அந்தச் செட்டுக்குத் தலைவி, கணீரென்ற குரல். தலைமாட்டில் நின்று விசாரணை நடத்தினார்.

"இன்னா நைனா, பிரேக்கு எப்ப போச்சு?"

"பிரேக் நல்லாத்தாங்க இருக்கு."

"நல்லாகீதா? அப்பறம் ஏன் புடிக்கல?"

"புடிக்க வேண்டாம்னுதான்."

கன்னியம்மா மற்றவர்களைப் பார்த்தார். "தலையில பட்டுக்கீதுடி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, என் நெற்றியிலும் ஒரு கை மஞ்சள் அப்பினார்.

ஒரு மணி நேரம் கழித்து என்னை விடுவித்தபோது சைக்கிளைக் காணோம். ரிப்பேருக்குப் போயிருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் ஏகாம்பரம் என்பவரின் சைக்கிள் கடை. போய்ப் பார்த்தேன். முன்னும் பின்னும் மட்கார்டு, ஸ்டாண்டு, பெல், பெரிய கேரியர், எல்லாம் பழசு, எல்லாம் பளபளவென்று துடைத்திருந்தது. ஒரு ஏழைக்கு ஊரே கூடிச் சைக்கிளை முழுசாக்கியிருந்தது. ஏகாம்பரம் பெருமையோடு பின்சக்கரத்தைக் காட்டினார்.

"பிரேக்கு கரெக்டா கீது சார். பேஜாரே இதான். ரெண்டு பக்கமும் பல்லு கீது. சின்னத மாட்டிட்டேன். இந்தப் பக்கத்துது ரம்பம் மாரி கூரா இருந்திச்சு. மறுக்கா வுயுந்தா வயித்துல குத்தும்னு சாணையில வச்சு மொயுக்கிட்டேன்."

மூன்று மாதம் ராவிய பல். இருபத்தெட்டும் மொட்டை. அதன்மேல் சங்கிலி இனி நிற்காது. எனக்குத் தமிழில் வார்த்தை வரவில்லை. சிங்களத்தில் இரண்டு வந்தன, நல்ல வார்த்தைகள் அல்ல. அதை நன்றி என்று நினைத்து ஏகாம்பரம் கையைக் கூப்பினார். நான் கடைப் பலகையில் உட்கார்ந்து, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அழுதேன். அழுதுகொண்டே அது என்ன, எங்கே செய்தது, எதை இறக்கிவிட்டு எதை ஏற்றிக் கொண்டுவந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. மொட்டைப் பல்லைத் தடவிப் பார்த்தார். "எனுக்கு இன்னா சார் தெரியும்?" என்றார். அப்புறம், "அடுத்த ஞாயித்துக்கெயம வா. ரெண்டு பேருமா எடுப்போம்" என்றார்.

கிளம்பும்போது கன்னியம்மா ஓடிவந்து கேரியரில் ஒரு பூசணிக்காயை வைத்துக் கட்டினார். "காலிக் கேரியரோட வூட்டுக்குப் போவக் கூடாது நைனா." வாசலில் பாக்கியம் பெல்லைப் பார்த்தாள், மட்கார்டைப் பார்த்தாள், பூசணியைப் பார்த்தாள், மஞ்சள் நெற்றியைப் பார்த்தாள். "கல்யாணமே ஆயிருச்சு போலிருக்கே" என்றாள்.

அடுத்த ஞாயிறு போனேன். கோபத்தோடுதான் போனேன். உடைந்த பம்புசெட்டின் அடித்தகடு ஒன்றை ஏகாம்பரம் தேடி வைத்திருந்தார். நான் அளவு கீறினேன், அவர் வெட்டினார். அவர் பிடிக்க, நான் ராவினேன். பல்லின் சாய்வை நான் சொல்லிக் கொடுத்தேன். அரத்தில் இரும்புத்தூள் அடையாமல் இருக்க வெண்கட்டி, இங்கே சாக்பீஸ், தடவும் வித்தையை அவர் சொல்லிக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கு ஆறு பல், ஏழு பல். நடுவில் ஒருநாள் பாக்கியம் கேட்டாள், "கோத்தகிரிக்குக் கடுதாசி போட்டீங்களா?" "பல்லு முடியட்டும்" என்றேன். பல் இல்லாமல் மலைக்குப் போய் என்ன செய்வது என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். இருபத்தெட்டாவது பல்லை ராவி முடித்த அன்று ஏகாம்பரத்தின் கடைக் காலண்டரைப் பார்த்தேன். மாசி பிறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. சுப்பையா சொன்ன இடத்துக்கு வேறு ஆள் வந்திருப்பான். எனக்கு வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். கொஞ்சம் வந்தது. பாக்கியத்திடம் தேதியைச் சொன்னேன். அவளுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்த வாரம் உத்திரமேரூர் சந்தையில் ஒரு புது அம்மிக்கல் வாங்கி வந்தாள்.

இப்போது ஞாயிறுதோறும் பழையசீவரம் போகிறேன். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது கன்னியம்மாவின் உத்தரவு. நான் உச்சியில் நின்று குரல் கொடுத்ததும் தடத்தை ஒழித்துவிட்டு இரண்டு பக்கமும் நின்று பார்க்கிறார்கள். ஆனாலும் ஓரமாக இரண்டு கட்டு வைக்கோல் எப்போதும் தயாராக இருக்கிறது. என் பிரேக்கின்மேல் அவர்களுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. நான் மட்கார்டைக் கழற்றிவிட்டேன், பெல்லையும் கழற்றிவிட்டேன். கேரியரைக் கழற்ற மனம் வரவில்லை. சரிவில் அது தடதடவென்று என்னைத் திட்டிக்கொண்டே இறங்குகிறது.

சுப்பையாவுக்குப் பதில் எழுதிவிட்டேன். வரவில்லை என்று எழுதினேன். இங்கே இருந்துவிட்டேன் என்று எழுத வந்தபோது பேனா நின்றுவிட்டது. அதனால் சக்கரத்தைப் பற்றி எழுதினேன். உத்திரமேரூரிலிருந்து மலையடிவாரம்வரை சின்னப் பல்தான் சங்கிலியில் இருக்கிறது. அதுதான் என்னை இழுத்துக்கொண்டு போகிறது. குனிந்து இடது பக்கம் பார்த்தால், பெரிய பல்லுக்கு ஒரு வேலையும் இல்லை, அதன்மேல் சங்கிலியும் இல்லை. ஆனால் வழி நெடுக அதுவும் கூடவே சுற்றிக்கொண்டு வருகிறது.