சித்தி டிவியைத் தூக்கிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை

கபடி இறுதி ஆட்டத்தில் சித்தியின் கை நடுக்கோட்டைத் தொட்டதா, இல்லையா என்பதுதான் வழக்கு. தொட்டது என்றாள் சித்தி. தொடவில்லை என்றார் நடுவர். தொட்டிருந்தால் அவளைப் பிடித்த மூன்று பேருக்கும் சேர்த்து மூன்று புள்ளிகள் கிடைத்து அவள் அணி ஜெயித்திருக்கும். திருவள்ளூரில் நடக்கும் மாவட்டப் போட்டிக்குப் போயிருக்கும். எனக்கு அப்போது பத்து வயது. அந்த வழக்கின் ஒரே சாட்சியத்தைப் பதிவு செய்தவள் நான்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கையுறை செய்யும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் வேலை. கம்பெனிகளுக்கு இடையே வருடா வருடம் நடக்கும் கபடிப் போட்டியை ஊர்க் கடைக்காரர்கள் சேர்ந்த ஒரு கமிட்டி நடத்தியது. உள்ளூர் கேபிள் சேனலில் நேரலையாகக் காட்டுவார்கள். ஆண்கள் இறுதி ஆட்டம் மாலையில். அதற்கு விளம்பரம் விற்றுவிடும். பெண்கள் ஆட்டம் மத்தியான வெயிலில். அதற்கு யாரும் விளம்பரம் தரமாட்டார்கள். ஆகவே மாலை ஆட்டத்துக்குக் காசு கொடுத்த கடைகளுக்கெல்லாம் மத்தியான ஆட்டம் இலவசம். மாலையில் திரையின் அடியில் ஒரே ஒரு விளம்பரப் பட்டை, முறை வைத்து வரும். மத்தியானம் ஐந்து கடைகளின் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆட்டம் முடியும்வரை இறங்காமல் நிற்கும்.

எல்லோரும் மைதானத்துக்குப் போக, நான் மட்டும் ரிமோட்டோடு வீட்டில் உட்கார்ந்தேன். எங்கள் செட்டாப் பாக்ஸின் பின்னால் பென் டிரைவ் சொருகிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஓடுவது பதிவாகும். சரியாக அழுத்தினேன். ஒரு நொடிகூட விடவில்லை.

கடைசி ரெய்டில் சித்தி கேமரா பக்கத்து ஓரத்தில் விழுந்தாள். மூன்று பேர் அவள்மேல் கிடந்தார்கள். அவள் கை நடுக்கோட்டை நோக்கி நீண்டது. மணிக்கட்டு வரை தெரிந்தது. விரல்கள் சிமெண்டுக் கடைப் பட்டைக்குள் போய்விட்டன.

அன்று மாலையே ரிமோட்டால் பின்னுக்கு ஓட்டி ஓட்டிப் பார்த்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போகுமுன் சித்தி தட்டும் கையுமாக நின்று முழு ஆட்டத்தையும் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கவனிக்கவில்லை போலும் என்று நினைத்தேன்.

“ஞாயித்துக்கெயம கமிட்டிக்குப் போறேன் மாமா. போட்டுக் காட்டணும்” என்றாள் அப்பாவிடம்.

கேபிள்காரரிடம் பதிவு இல்லை; நேரலையை எதற்கு வைத்துக்கொள்வது என்றார். எங்கள் பென் டிரைவை மொபைல் கடையில் போட்டால் படம் வரவில்லை. எந்தப் பெட்டியில் பதிவானதோ அந்தப் பெட்டியில்தான் ஓடுமாம். சரி, பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள் சித்தி. கமிட்டி கூடும் இடத்தில் டிவி இல்லையே என்றார் அப்பா. சித்தி சுவரில் மாட்டியிருந்த எங்கள் டிவியைப் பார்த்தாள்.

“இன்னாமா, விளையாடுறியா? போனஸ்ல வாங்குனது. ஒடஞ்சா இன்னா பண்றது? பேஜாரா பூடும்.”

“ஒடஞ்சா என் போனஸ்ல வாங்கித் தர்றேன். ஸ்குரூவ கயட்டு மாமா.”

அப்பா கழற்றினார். கேபிள் ஒயர் இல்லாமலும் பதிவு ஓடுகிறதா என்று ஒருமுறை சோதித்தும் கொடுத்தார். டிவியைப் போர்வையில் சுற்றி சித்தி மடியில் வைத்துக்கொள்ள, பாக்ஸும் ரிமோட்டும் என் மடியில். ஷேர் ஆட்டோவில் இரண்டு சீட்டுக்கு நான்கு சீட்டுக் காசு கேட்டார்கள். வழியெல்லாம் பட்டையைப் பற்றிச் சொல்லிவிட வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

கமிட்டி கூடுவது தலைவரின் சிமெண்டுக் கடை மாடியில். தலைவரும் இன்னும் இரண்டு பேரும் காலை நாஷ்டா முடித்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னாமா இது, டிவிய கொயந்த மாதிரி தூக்கினு வந்துகீற?”

“நடுவர் சொன்னது தப்புண்ணே. பாத்துட்டு நீங்களே சொல்லுங்க.”

“அவ்ளோதான? கடைசி ரெய்ட மட்டும் போடு. வேல கீது.”

“இதுல ஓட்ட முடியாதுண்ணே. மொதல்லேர்ந்துதான் போவும்.”

முன்னுக்கு ஓட்டும் பொத்தான் என் கட்டைவிரலுக்கடியில் இருந்தது. “சித்தி, இதோ...” என்றேன். அவள் என் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

ஆட்டம் ஓடியது. முதல் ஐந்து நிமிடம் ஒருவர் போனைப் பார்த்தார், இன்னொருவர் பல் குத்தினார். பத்தாவது நிமிடத்தில் போன் சட்டைப் பைக்குள் போனது. ஒரு ரெய்டில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு மூன்றாவது ஆளின் பிடியில் குனிந்து நழுவி வந்தவளைப் பார்த்துத் தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

“ஏய், யாருமா அது? இன்னா ஸ்பீடா திரும்புது பாரு!”

“நான்தாண்ணே.”

தலைவர் டிவியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “நீயா? நம்ம ஆட்டத்துலயா?”

“உங்க கையாலதாண்ணே ரெண்டாம் பரிசு குடுத்தீங்க.”

இடைவேளையின்போது எழுந்து போவார்கள் என்று பார்த்தேன், போகவில்லை. இரண்டாம் பாதியில் மூன்று பேரும் எந்த அணிக்கு என்றில்லாமல் கத்தினார்கள். கீழே கடையில் மூட்டை தூக்குகிறவர் சத்தம் கேட்டு மேலே வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார். சித்தி மட்டும் திரையைப் பார்க்கவில்லை. சுவரோரம் கைகட்டி நின்று அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி ரெய்டு வந்தது. கை நீண்டது. விரல்கள் பட்டைக்குள் போயின.

“என் கட பேருதான் தெரியுது. கை எங்கமா?” என்றார் தலைவர்.

“உங்க கடைக்குக் கீயதாண்ணே கீது.”

பல் குத்தியவர் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. தெரியாத கையை வைத்து நடுவர் முடிவை மாற்ற முடியாது, கமிட்டி விதி அப்படி என்றார். “மாத்த வேணாம்” என்று சொல்லிவிட்டு சித்தி பிளக்கைப் பிடுங்கினாள். மூட்டைக்காரர்தான் டிவியைக் கீழே இறக்கிக் கொடுத்தார்.

திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது. பட்டை மறைப்பது எனக்கு முதல் நாளே தெரியும், சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன்.

“எனக்குந்தான் தெரியும். கண்ணு இல்லையா எனக்கு?”

“அப்புறம் எதுக்கு சித்தி தூக்கினு வந்த?”

“அன்னிக்கு நாங்க ஆடுனப்போ அந்தக் கமிட்டிக்காரங்க மூணு பேரும் பந்தலுக்குப் பின்னால பிரியாணி துன்னுகினு இருந்தாங்கடி.”

“அதுக்கு இன்னா? கைதான் தெரியலயே” என்றேன்.

சித்தி டிவிக்கும் சீட்டுக் காசு கேட்ட ஆட்டோக்காரரோடு சிப்காட் முனை வரும்வரை சண்டை போட்டாள். சண்டைக்கு நடுவே தானாகச் சிரித்துக்கொண்டாள். ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை தோற்றவளுக்குச் சிரிக்க என்ன இருக்கிறது என்று பாக்ஸை மடியில் இறுக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.