சத்தத்துக்குள் இருபது நிமிஷம்

வாயில் பஞ்சுருளையை அடக்கிக்கொண்டு பாய்லர்காரர் சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கண் விழித்ததும் ஒன்று, அரை மணி கழித்து ஒன்று, சாயங்காலம் ஒன்று. எச்சிலில் ஊறிய பஞ்சைக் குழாயில் போட்டு, நேரம் எழுதி, ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா கொடுத்த வேலை.

"பதற்றத்துல சுரக்குற கார்ட்டிசால் உங்க உடம்புல எப்படி ஏறி இறங்குதுன்னு இதுல தெரியும்" என்றிருந்தார் அவர்.

"ஸ்டீம் பிரஷர் மாதிரித்தானே? முள்ளு எங்க நிக்குதுன்னு பாருங்கம்மா" என்றார் இவர்.

சலவை ஆலையில் பத்தொன்பது வருடம் பாய்லர் பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு முன் அது வெடித்தபோது கை கழுவ வெளியே போயிருந்தார். உள்ளே நின்ற கூட்டாளி திரும்பவில்லை. அன்றிலிருந்து வீட்டில் குக்கர் கிடையாது. எங்கே போனாலும் கதவோரம்தான் உட்காருவார். பேச்சின் நடுவே விரலை உயர்த்தி, "இருங்க, சீறுது" என்பார். தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருப்பார்கள்.

"அரண்டவன் கண்ணுக்குத்தான் பேய்னு கேள்வி. மாமாவுக்குக் காதுலயே குடியிருக்கு" என்று மனைவியின் தம்பி கிண்டலடிப்பான். ஒரு மாலை, சொந்தத் தெருமுனையில் அவனை நிறுத்தி, "மாப்ளே, நம்ம வீடு எந்தப் பக்கம்?" என்று இவர் கேட்டார். அதோடு கிண்டல் நின்றது.

ஞாபகத்துக்கான பகுதி எப்படியிருக்கிறது என்று பார்க்க மூளையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார் டாக்டரம்மா. இவர் இரண்டு முறை இயந்திரத்தின் வாய்வரை போய், எழுந்து ஓடிவந்துவிட்டார். குகை போன்ற குழாய். தடதடவென்று இரும்புச் சத்தம்.

"அதுவும் பாய்லர்தான். என்னை ஏமாத்தாதே!" என்று மனைவி மேல் பாய்ந்தார்.

மூன்றாம் முறை அவள் கம்மலையும் வளையலையும் கழற்றிவைத்து, அனுமதி வாங்கி, ஸ்கேன் அறைக்குள்ளேயே அவர் காலருகில் நின்றாள்.

"முடியலைன்னா இந்த ரப்பர் பந்தை அமுக்குங்க. உடனே நிறுத்திடுறோம்" என்றார் ஸ்கேன்காரர்.

சத்தம் காதடைப்பையும் தாண்டி வந்தது. பாதம் கட்டையாக விறைத்தது. கட்டைவிரலை அவள் பற்றினாள், அது துள்ளியது. குழாய்க்குள் பந்தின் மேல் அவர் விரல்கள் இறுகின. ஒரு அமுக்கு அமுக்கினால் வெளியே போய்விடலாம். அன்றைக்கும் வெளியேதானே இருந்தோம் என்று தோன்றியது. விரல்கள் அதற்குமேல் இறுகவில்லை.

இருபது நிமிஷம் கழித்துச் சத்தம் ஓய்ந்தது. படுக்கை வெளியே நகர்ந்து வந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"முடிஞ்சுதுங்க, எழுந்திரிங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்த மற்றக் காலையும் மெல்ல நகர்த்தி, அவள் கையில் வைத்தார்.